தலைவலிப் பதிவேடு

சுகிர்தா வேலை பார்த்த ஆலையில் யாருக்கும் கை வெந்ததில்லை, கால் நசுங்கியதில்லை, கண்ணில் பொறி விழுந்ததில்லை. வந்ததெல்லாம் தலைவலிதான். இரண்டு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் தலைவலி. முதலுதவி அறைப் பதிவேட்டைப் புரட்டுகிறவர்கள், கும்மிடிப்பூண்டித் தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுகிற ஃபவுண்டரி ஆலை அது. அங்கே தலைவலி மட்டும் வருகிறதென்றால் நம்புகிறவன் தலையில்தான் ஏதோ கோளாறு. ஆனாலும் பதிவேடு அப்படித்தான் சொன்னது. எழுதியவள் சுகிர்தா.

அவளுக்கு இந்த வேலை சும்மா வந்து மடியில் விழவில்லை. நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கிக்கொண்டு, திருவள்ளூரில் தொடங்கி ஆவடி, அம்பத்தூர் என்று ஆறு மாதம் ஆஸ்பத்திரிப் படிகளாக ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் காத்திருந்தது. "எக்ஸ்பீரியன்ஸ் இருக்காம்மா?" வேலை கொடுத்தால்தானே அது வரும் என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். கேட்டால் அடுத்த முறை வாட்ச்மேனே உள்ளே விடமாட்டான் என்பதால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். கூடப் படித்தவர்களில் ஒருத்தி ஸ்கேன் சென்டரில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி நகைக்கடையில் கம்மல் காட்டினாள். நாட்டில் நர்சுகளுக்கு அப்படியொரு பஞ்சம் என்று பட்டமளிப்பு அன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கிய பிரின்சிபாலை ஒரு நாளாவது இந்தப் பெண்களோடு பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும்.

அப்பா தாவீதுக்குத் தெரிந்த ஒரு லாரி டிரைவர் மூலமாகத்தான் ஆலை வேலை வந்தது. பாதுகாப்பு அதிகாரி சந்திரமோகன் அவள் ஃபைலைத் திறக்கக்கூட இல்லை.

"ரெண்டு வருஷம் ஒழுங்கா இரும்மா. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நானே வாங்கித் தர்றேன். அப்புறம் நீ எந்த ஆஸ்பிட்டல் வேணா போ," என்றார். அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் அவள் ஊரை விட்டு வந்தாள்.

கடம்பத்தூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போகிறவர்கள் பேசின்பிரிட்ஜ் வரை போய், வேறு வண்டி பிடித்து, வந்த தூரத்தையே மறுபடி இன்னொரு பக்கம் போக வேண்டும். தினமும் முடிகிற காரியமில்லை. கடைத்தெருவில் ஒரு மாடி அறை எடுத்தாள். கூட இருந்த பேக்கிங் கம்பெனிப் பெண் மூன்றாம் மாதமே கல்யாணம் என்று போய்விட, மிச்சம் இருந்தது இவளும் ஒரு மின்விசிறியும். ஆலையிலும் அதே கதைதான். சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டிக் கடைசியில் அவள் அறை. டாக்டர் புதன்கிழமை ஒரு மணி நேரம் வருவார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். சந்தேகம் கேட்க ஒரு சீனியர் இல்லை, டீ நேரத்தில் மேட்ரனைத் திட்டிச் சிரிக்கத் தோழி இல்லை. நர்ஸ் என்றால் வார்டு நிறைய ஆட்களோடு இருப்பாள் என்று நினைத்துத்தான் அவள் படித்தாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் இரும்பு ஊற்றுகிற அந்தோணி வந்தார். இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உருக்கிய இரும்பு தெறித்து, வலது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு வெந்திருந்தது. சுகிர்தா தண்ணீரை விடாமல் ஊற்றினாள். கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டு முடித்து, பதிவேட்டைத் திறந்தாள்.

"இன்னாம்மா எழுதப் போற?" சந்திரமோகன் வாசலில் நின்றார்.

"தீக்காயம் சார்."

"கேட்ல போர்டு பாத்தியா? விபத்தில்லா நாள் இருநூத்தி எண்பத்தி ஆறு. இன்னும் பதினாலு நாள்ல முந்நூறு. ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்து எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸும் டிபன் கேரியரும் குடுக்கப் போறாங்க. நீ இப்படி எழுதினா நாளைக்கு அங்க முட்டைதான் போடணும்."

"அப்ப இன்னா சார் எழுதறது?"

"தலைவலின்னு எழுதிக்கோ. மாத்திரை குடுத்தேன்னு போடு. தலைவலி வராத மனுஷன் யாரு?"

அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருக்கும் மேலே ஒருவர் உட்கார்ந்து போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகிர்தா பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். அப்போது பெஞ்சில் கிடந்த அந்தோணி எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாதீங்க சிஸ்டர். நானு காண்ட்ராக்டு ஆளு. நீங்க எழுதுனா நாளைக்கு கேட்டுல என் கார்டு வேலை செய்யாது. ஊட்ல ரெண்டு புள்ளைங்க கீதுங்க."

அடிபட்டவரே வேண்டாம் என்கிறார், தான் யார் எழுதுவதற்கு என்று நினைத்துக்கொண்டு அவள் தலைவலி என்று எழுதினாள். முதல் முறைதான் கை கூசியது. அதற்குப் பிறகு பழகிவிட்டது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற ஆட்கள் தமிழில் சோறு, தண்ணி கற்றுக்கொள்வதற்கு முன்பே இந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டார்கள். கொப்புளம் கட்டிய கையை நீட்டிக்கொண்டு, "தலைவலி சிஸ்டர்" என்று பல்லைக் கடித்துச் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கட்டுப் போடுவாள்.

அந்தோணிக்கு மட்டும் பத்தொன்பது நாள் கட்டு மாற்றினாள். டீ நேரத்தில் நொண்டிக்கொண்டே வருவார். செத்த தோலை எடுத்து, சீழ் பிடிக்காமல் பார்த்து, அடியில் சிவப்பாகப் புதுத் தோல் வளர்வதைக் கண்டபோது அவளுக்கு யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. அம்மா ரோசம்மாளுக்குப் போன் போட்டால், "சாப்டியா? ரசம் வச்சியா?" என்பாள். அதற்கு மேல் என்ன சொல்வது?

இரண்டு வருடம் ஓடியது. சந்திரமோகன் சொன்ன சொல் தவறவில்லை. நல்ல தாளில், முத்திரையோடு, அழகான கடிதம் வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்கு நர்சுகள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. இரண்டு வருட அனுபவம் வேண்டும், பார்த்த கேஸ்களின் பதிவு நகல் இணைக்க வேண்டும். சுகிர்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. அறுபதுக்கு மேல் தீக்காயம் பார்த்த கை அவளுடையது. நகல் கேட்பதெல்லாம் ஒரு பேருக்குத்தான், தடிமனாக இருந்தால் போதும் என்று நினைத்து, பதிவேட்டிலிருந்து நூறு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்துக்கொண்டு சனிக்கிழமை காலை போய் நின்றாள்.

மேட்ரன் மணியம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். உண்மையாகவே படித்தார்.

"ரெண்டு வருஷம் ஃபவுண்டரில இருந்திருக்கே. ஒரு பர்ன் கேஸ்கூட வரலையாம்மா?"

"வந்துச்சு மேடம். அறுபதுக்கு மேல பாத்தேன்."

"எங்க இருக்கு?"

அவள் சொல்லிவிட்டாள். போர்டு, டிபன் கேரியர், கேட்டில் வேலை செய்யாத கார்டு, எல்லாவற்றையும். மேட்ரன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நம்ம வேலையில எழுதலைன்னா செய்யலைன்னுதான் எடுத்துப்பாங்க. ஃபர்ஸ்ட் இயர்லயே சொல்லிக் குடுத்திருப்பாங்க. நீ செஞ்சதை எழுதாம விட்டதோட நிக்கல, செய்யாததை எழுதியும் வச்சிருக்க. நாளைக்கு என் வார்டுல ஒரு டாக்டர் மாத்தி எழுதுன்னா எழுதிடுவியா?"

மேட்ரன் நகல்களைத் தட்டி ஒழுங்காக்கித் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, தன் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதினார்.

"நீ பாத்த பேஷன்ட் யாராவது ஒருத்தர், இவங்கதான் எனக்குக் கட்டுப் போட்டாங்கன்னு கையெழுத்துப் போட்டு லெட்டர் குடுக்கட்டும். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லு. திங்கக்கிழமை லிஸ்ட் போயிடும்."

ஒரே ஒருவர் போதும். ரயிலில் திரும்பும்போது அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒடிசாக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்து எங்கெங்கோ போய்விட்டார்கள். அவர்களுடைய கொப்புளங்கள் நினைவிருந்தன, பேர் நினைவில்லை. புதன்கிழமைகளில் வருகிற டாக்டர் போனிலேயே, "நான் எதையும் பாக்கலையேம்மா" என்று முடித்துக்கொண்டார். அதுவும் உண்மைதான். கடைசியில் மிஞ்சியது அந்தோணி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எளாவூர் பக்கம் அவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போனாள். பூசைக்குப் போய்வந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்த அந்தோணி அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தார். அவர் மனைவி ஸ்நேகா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க சிஸ்டர். இவரு உங்களப் பத்தி சொல்லினே இருப்பாரு. தலைவலின்னா மாத்தர குடுப்பீங்களாமே."

"கால் இப்ப எப்படி இருக்கு?" என்று சுகிர்தா அவரைக் கேட்டாள்.

பதில் ஸ்நேகாவிடமிருந்து வந்தது. "அய்ய, அதையும் சொல்லிட்டாரா? பைக் சைலன்சர்ல சுட்டுக்கினு வந்தாரு சிஸ்டர். மெடிக்கல் ஷாப்ல எவனோ கட்டு போட்டு உட்டானாம். கட்டப் பிரிக்கவே உடல. பிரிச்சதுக்கு அப்பால நாந்தான் தெனம் கத்தாழ தடவுனேன். தழும்புகூட இல்ல. தூக்கிக் காட்டேன்யா."

அந்தோணி தரையைப் பார்த்தபடி வேட்டியைச் சற்று உயர்த்தினார். சுகிர்தா குனிந்து பார்த்தாள். தோல் மேடு தட்டவில்லை, இழுக்கவில்லை. வெந்த இடம் இதுதான் என்று தெரிந்தவளுக்குத்தான் அந்தச் சின்ன நிற மாற்றம் தெரியும். புத்தகத்தில் போட்டோ போடலாம், அவ்வளவு சுத்தமாக ஆறியிருந்தது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

"கத்தாழ நல்லா கேக்கும்க்கா," என்றாள்.

டீ குடித்துக் கிளம்பியவளை பஸ் நிறுத்தம் வரை விட்டுவர அந்தோணி கூட வந்தார். வழியில் அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். ஆந்திரா பக்கம் போகிற லாரிகள் அவர்களைப் புழுதியில் மூழ்கடித்துவிட்டுப் போயின.

"அடுத்த மாசம் பர்மனென்ட் ஆர்டர் தர்றாங்க சிஸ்டர். இப்பப் போயி நான் கையெழுத்து போட்டேன்னா..."

"புரியுதுங்கண்ணே. வேணாம்."

"நீங்க அன்னிக்கே எழுதியிருக்கணும் சிஸ்டர்."

சுகிர்தா நின்றுவிட்டாள். "நீங்கதானண்ணே என் கையப் புடிச்சுக்கினு எழுதாதன்னீங்க?"

"புடிச்சேன். இல்லேங்கல. கால் வெந்து போயி கெடந்தேன். அந்த நேரத்துல நான் ஆயிரம் கேப்பேன் சிஸ்டர். நீங்க நர்சாச்சே."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவர் அழாத குறையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, பஸ் வரும்வரைகூட நிற்க முடியாமல் வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார். நடையில் நொண்டல் துளியும் இல்லை. அவர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது, அதுதான் வலித்தது. அவ்வளவு பேர் கெஞ்சியபோதும் இரக்கப்படுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆள் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும், அது அவளாக இருந்திருக்க வேண்டும்.

நிறுத்தத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கறி வாங்கிக்கொண்டு போகிறவர்கள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், சத்தமும் சிரிப்புமாக நின்றார்கள். ஒரு ஓரமாக ஒதுங்கி மேட்ரனுக்குப் போன் போட்டாள்.

"யாரும் வரல மேடம்."

"சரிம்மா." தாள் புரளும் சத்தம் கேட்டது. "புதுசா படிச்சு முடிச்ச பொண்ணுங்கள டிரெய்னியா எடுக்கறோம். அந்த லிஸ்ட்ல வேணா உன் பேரப் போடறேன். முப்பது பேருக்கு மேல இருக்காங்க. கூப்பிட்டாத்தான் நிச்சயம். போடட்டுமா?"

"போடுங்க மேடம்."

"பேரு சுகிர்தா, ஊரு கடம்பத்தூர்." மேட்ரன் சொல்லிக்கொண்டே எழுதினார். "இதுல அனுபவம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?"

சுகிர்தாவின் கண்முன் அறுபது பேருடைய கைகளும் கால்களும் வந்து போயின. எந்தக் காயம் எத்தனை நாளில் ஆறியது என்று இப்போதும் ஒன்றுவிடாமல் சொல்லுவாள்.

"இல்லைன்னு போடுங்க மேடம்."

போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். பஸ் வந்தது, எல்லோரும் ஏறிக்கொண்டார்கள், என்னம்மா ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை.