பக்கத்து சீட்டில் மாஸ்டர்

"கதவு! கதவைப் போடு!" என்று மாஸ்டர் கத்தினார்.

அவள் பிரேக்கை மிதித்தாள். அது பயிற்சி வண்டி என்பதால் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அதை அவரும் மிதித்தார். முன்னால் போன பால் வண்டியை முட்டாமல் கார் குலுங்கி நின்றது.

"பிரேக்குன்னு சொல்ல வந்தேன்."

"அது எனக்குத் தெரியாதா? பேசாம வாங்க."

தலைக்குள் கட்டி வளரத் தொடங்கியதிலிருந்து சொற்கள் அவருக்கு இடம் மாறிப் போயிருந்தன. தட்டைச் சாவி என்பார், மழையைச் சட்டை என்பார். வீட்டுக்கு வந்தவர்கள் முழிப்பார்கள். அவளுக்கு மட்டும் யோசிக்கவே வேண்டியிருக்காது.

ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த மனிதர். பெண்டாட்டியிடம் மட்டும் அவர் பருப்பு வேகவில்லை. கல்யாணமான புதிதிலிருந்து கெஞ்சியும் அவள் மசியவில்லை. மருந்துக்கடை வேலைக்கு நடந்தே போய் வந்தாள். வலிப்பு வந்து, இனி வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றுதான் சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினார். "ஆபரேஷனுக்கு என்னை நீதான் கூட்டிட்டுப் போகணும். டாக்சி எல்லாம் வேணாம்." ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

பால் வண்டியிடம் தப்பி வந்து ஆஸ்பத்திரியில் அவரை இறக்கிவிட்டு, நேராக விட்டு நேராகவே எடுக்க இடம் கிடைத்த ஒரே ஓரத்தில், கொளுத்தும் வெயிலில் வண்டியை விட்டுவிட்டு ஓடினாள். பணம் கட்டி, படிவங்களில் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அவர் மொட்டைத் தலையோடு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். யாரோ போல இருந்தார்.

"நிழல்ல விட்டியா?" என்றார். ஒரு சொல்லும் இடம் மாறவில்லை.

"நிழல்லதான்."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவரிடம், "திருப்பத்துல ஹாரன் அடிங்க தம்பி," என்றார். அந்த ஆள் சிரித்தான். கதவு இரண்டு பக்கமும் ஆடி மூடிக்கொண்டது.

வெளியே நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மாஸ்டரின் தம்பி வந்து அருகில் உட்கார்ந்தான். டீ வாங்கி வந்தான். ஆடை படிந்த பிறகும் அது அவள் கையிலேயே இருந்தது. எதிரில் ஒரு குடும்பம் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தது. பிறகு அவர்களுக்கு நல்ல செய்தி வந்து, மூட்டை முடிச்சோடு எழுந்து போனார்கள். அந்தப் பக்கம் காலியானதும் கூடம் சட்டென்று பெரிதாகிவிட்டது.

பிற்பகலில் டாக்டர் வந்தார். மூக்கின் மேல் முகக்கவசத்தின் தடம் சிவந்து கிடந்தது. "கட்டியை எடுத்துட்டோம்மா. ஆனா ரத்தக்கசிவை நிறுத்த முடியல. அப்படியே இதயம்..." அவர் தரையைப் பார்த்தார்.

கொழுந்தன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தன் கை தடவுவதை யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

உள்ளே போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மறுநாள் காலையில்தான் தருவார்களாம்.

"நான் வீட்டுக்குப் போறேன். அவருக்கு நல்ல சட்டை எடுத்து வைக்கணும்."

"நான் ஓட்டுறேன் அண்ணி."

"நீ இங்கயே இரு. அவரைத் தனியா விடாத."

"அப்ப டாக்சில போங்களேன்."

"வண்டி வெயில்ல நிக்குதுப்பா," என்றாள். அவனுக்குப் புரியவில்லை.

சீட் இன்னும் சுட்டது. முதல் சிக்னலில் பிரேக்கை மிதித்தாள். வண்டி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. அடுத்ததிலும் அப்படித்தான். இத்தனை நாளும் எப்போதும் மிதிக்கிற அளவுதான் மிதித்தாள். அதில் பாதி அவருடைய கால் என்று இப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் முழுக் காலையும் ஊன்றி அழுத்தினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடித்துவிட்டுப் போகட்டும் என்று ஊர்ந்து வந்து சேர்ந்தாள்.

எதிர்வீட்டுத் தையற்காரி கடையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டரிடம் கடைசியாகப் படித்து லைசென்ஸ் வாங்கியவள்.

"அட, நீங்களே ஓட்டிட்டு வந்துட்டீங்களா! மாஸ்டருக்கு ஆபரேஷன் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எப்ப வீட்டுக்கு விடுறாங்களாம்?"

"நாளைக்குக் காலைல."

"அவ்ளோ சீக்கிரமாவா!" தையற்காரி இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "இப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு."

அவள் வாயைத் திறந்தாள். பிறகு சாவியை நீட்டினாள்.

"வண்டியைக் கொஞ்சம் உள்ள விட்டுத் தரியாம்மா? எனக்கு ரிவர்ஸ் இன்னும் சொல்லித் தரல. நாளைக்கு வாசல்ல இடம் வேணும்."

"இதுக்கென்ன, குடுங்க. ரிவர்ஸ்லதான் மனுசன் என்னை அழ வச்சாரு!"

தையற்காரி ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரி செய்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, ஒவ்வொன்றையும் மாஸ்டர் சொல்லித் தந்தபடியே செய்தாள். அவள் கேட்டை அகலத் திறந்துவிட்டு, பின்னால் போய் நின்று கையை அசைத்தாள். "வா... வா..." வண்டி மெல்லப் பின்னால் வந்து சுவரோரம் நின்றது.

"போதுமாக்கா?"

அவள் வாசலைப் பார்த்தாள். கேட்டிலிருந்து படி வரைக்கும் கண்ணால் அளந்தாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.