எச்சில் வாளியின் எடை

நிச்சயதாம்பூலத்தன்று குத்துக்கல்வலசை மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ஓய்வுபெற்ற எஸ்.ஐ. நம்பிராஜன், அவர் மனைவி சங்கரேஸ்வரி, மணப்பெண்ணான மூத்த மகள் பேராச்சி, கல்லூரியில் படிக்கும் இளைய மகள் முத்துச்செல்வி, அவளுடைய பேராசிரியை மாஜிதா, சமையல்காரர் இசக்கிமணி, மாப்பிள்ளை காமராஜ், அவருடைய தகப்பனார் பண்பொழி சுபேதார் நல்லதம்பி, இரு வீட்டு உறவினர். எதிலும் நம்பிராஜனுக்குப் போட்டியான பாவூர்சத்திரம் பாண்டிராஜ் அங்கே இல்லை. அழைப்பு போயிற்று, அவர் வரவில்லை.

முத்துச்செல்வி படிப்பது சுற்றுச்சூழல் மேலாண்மை. குற்றாலத்தில் விடுதிகளும் மண்டபங்களும் நடத்தும் ஒரு நிறுவனம், கழிவைக் கையாளத் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று அவள் கல்லூரியில் கேட்டிருந்தது. மாணவர்கள் ஆளுக்கொரு விசேஷத்துக்குப் போய், எச்சில் இலையில் மிஞ்சுவதை எடை போட்டு வரவேண்டும். பாண்டிராஜின் மகளும் அதே வகுப்பு. அவள் தன் அண்ணன் கல்யாணத்திலேயே எடை போட்டு முடித்திருந்தாள்.

"அப்பா, நம்ம வீட்டு எடையையும் பாண்டிராஜ் மாமா வீட்டு எடையையும் காலேஜ் சபையில சேத்து வாசிப்பாவ. அதை வச்சுத்தான் எனக்கு வேலை. அதனால..."

நம்பிராஜன் கையை உயர்த்தினார். "புரிஞ்சுதுட்டி. எடையை அப்பா பாத்துக்கிடுதேன்."

அவர் வீட்டுப் பந்தியில் இலை காலியாகி எழுந்த விருந்தாளி அவருடைய தாத்தா காலத்திலிருந்தே கிடையாது. காலி இலை என்றால் வீட்டுக்காரன் கை சுருங்கிவிட்டது என்று அர்த்தம். இத்தனை காலமும் ஊர்வாய் மட்டுமே சொன்னதை இப்போது கல்லூரியே தராசு வைத்துச் சொல்லப்போகிறது என்பது அவருக்கு மிக நியாயமாகவே பட்டது. கல்லூரிகளும் திருந்தி வருகின்றன என்று நினைத்துக்கொண்டார்.

முதல் பந்தி சொந்தக்காரர்களுக்கு. நம்பிராஜன் இசக்கிமணியின் பின்னாலேயே நடந்தார்.

"இன்னொரு கரண்டி வையி."

"அண்ணாச்சி, இலையில இடமில்ல."

"அவியல் மேல வையி. நிறைஞ்ச இலையைப் பாத்து யாரும் செத்ததில்ல."

கை கழுவும் இடத்தில் வாளிகள் நிரம்பின. முத்துச்செல்வி தராசின் பக்கத்தில் முகம் வெளுத்து நின்றாள். நம்பிராஜன் மீசையைத் தடவியபடி மாஜிதாவிடம் போனார்.

"எப்படி டீச்சர்? பாண்டிராஜ் வீட்டைவிடக் கூடத்தானே?"

"ரெண்டு மடங்கு சார்."

"அப்போ நாமதான் முதல்."

மாஜிதா கொஞ்சம் தயங்கினார். "முதல்தான் சார். வீணாக்குறதுல. குறைவா வீணாக்குறவங்க பக்கந்தான் வேலை போகும்."

நம்பிராஜன் மகளைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபின் விளக்கம் தேவைப்படவில்லை. மகளுக்கு வேலை கிடைக்காது; பாண்டிராஜ் வீட்டுக்குக் கீழே தன் வீட்டுப் பெயர் சபையில் வாசிக்கப்படும். விறைப்பாகத் திரும்பி இசக்கிமணியிடம் போனார்.

"இனி கேட்டாத்தான் வைக்கணும். வேண்டாம்னா நகந்துரணும்."

"அண்ணாச்சி, அடுத்தது சம்பந்தி பந்தி!"

"எனக்குத் தெரியாதாவே?"

ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேரே வந்திருந்தார்கள் மாப்பிள்ளை வீட்டார். சாரலில் நனைந்த பசி. நல்லதம்பி முதல் வடையை நொடியில் முடித்தார். இரண்டாவது வடை வந்ததும், முறைப்படி இலைமேல் கையை விரித்து, "போதும், போதும்" என்றார். அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பரிமாறுகிறவர் விரலிடுக்கில் வைத்துவிட்டுப் போவார். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"சம்பந்தி போதும்னுட்டாவ. அடுத்த இலைக்குப் போ" என்றார் நம்பிராஜன்.

வடை போய்விட்டது. நல்லதம்பியின் கை மட்டும் விரித்தபடியே இருந்தது.

"சம்பந்தி, நான் போதும்னது..."

"கேட்டுது."

"அது மரியாதைக்குச் சொல்லுததுவே!"

"பட்டாளத்துக்காரர் வாக்கு. அதைத் தட்டினா எனக்கு என்ன மரியாதை?"

பந்தியில் சத்தம் அடங்கிற்று. மாப்பிள்ளை காமராஜ் அப்பளத்தைக் கடிக்கப் பயந்து கையில் வைத்திருந்தார். "ஒரு வடையில சம்பந்தம் போயிரும் போலிருக்கே" என்று சங்கரேஸ்வரி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

நம்பிராஜன் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். அவர் குனிந்தார். முதுகு வளையாமல் எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு.

"சம்பந்தி, என் சின்ன மவ வேலை அந்த வாளியில இருக்கு. வேணும்னா வேணும்னு சொல்லும். எத்தனை வேணும்னாலும் வைக்கேன். வச்சதை மட்டும் மிச்சம் போடப்பிடாது."

நல்லதம்பி தராசையும் அதன் பக்கத்தில் நின்ற பெண்ணையும் பார்த்தார்.

"இதை முதல்லயே சொல்லுததுக்கு என்னவே?" என்றவர் அணிவகுப்புக் குரலில் கத்தினார்: "ஏலே, அந்த வடை இங்கன வரட்டும்! நம்ம ஆளுவ எல்லாரும் கேட்டு வாங்குங்க. மிச்சம் வச்சான்னா பண்பொழிக்கு நடந்துதான் வரணும்!"

அதன்பிறகு பந்தி சந்தைபோல் ஆயிற்று. ஒருவர் சாம்பார் வேண்டாம், ரசம் வேண்டும் என்றார். ஒருவர் அவியலை மூன்று முறை கூப்பிட்டார். நல்லதம்பியின் மதினி, தனக்குப் பாயசமே பிடிக்காது என்றும், இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை என்றும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நம்பிராஜன் வரிசையின் கடைசியில் கைகளைப் பின்னால் கட்டி நின்றார். அவர் கண்ணெதிரே அரை வடையோடு ஓர் இலைகூட மூடப்படவில்லை.

இரண்டாம் பந்தியின் வாளியைத் தூக்க ஒரு விரல் போதும். மாஜிதா சிரித்துவிட்டார்.

"ஒரே மண்டபம், ஒரே சமையல். அள்ளி வச்சப்போ அவ்வளவு, கேட்டு வச்சப்போ இவ்வளவு. இந்த வித்தியாசத்தைத்தான் சார் வகுப்புல கரடியாக் கத்துதேன். குறைச்சுக் காட்டுனதுக்கு இதைவிடச் சாட்சி என்ன வேணும்?"

கல்லூரிச் சபையில் அந்த இரண்டு பந்திகளின் எடைகளையும்தான் வாசித்தார்கள். வேலை முத்துச்செல்விக்குக் கிடைத்தது. முதல் பந்தியை நம்பிராஜன் வேண்டுமென்றே அள்ளி வைத்தார், அதுவும் பாடத்துக்காகத்தான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அவர் மறுப்பதில்லை.

ஆனால், சம்பந்தியை நம்பிராஜன் பட்டினி போட்டு அனுப்பினார் என்று பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். நல்லதம்பி அன்று நான்கு வடை சாப்பிட்டார். முதல் வடை தவிர மற்றவை எல்லாம் அவரே வாய்விட்டுக் கேட்டு வாங்கியவை.