மழையில் பார்த்த செவ்வாய்

விருந்தாளி வந்தால் புனேக்காரர்கள் மழைக்காலத்தில்தான் மலைக்குக் கூட்டிப் போவார்கள். மேகம் தலையில் இடிக்கும், ரோட்டோரம் சுடச்சுட புட்டா கிடைக்கும். சோளக்கதிரில் உப்பும் எலுமிச்சையும் தேய்த்துத் தருவார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் செவ்வாய் கிரகத்தைக் காட்டுகிறேன் என்று யாராவது ஆகஸ்டில் கூட்டிப் போவார்களா? எங்கள் சேஷாத்ரி சார் கூட்டிப் போனார்.

நான் ஸ்டெல்லா. கட்கி ஆர்டினன்ஸ் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். நிலவியல் படித்துவிட்டு புனே கேம்ப் பகுதியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். சேஷாத்ரி சார்தான் அங்கே என் மேலதிகாரி. செவ்வாயின் தரையைப் போன்ற இடங்களை நம் நாட்டில் தேடிப் பிடித்துப் பட்டியலில் சேர்ப்பதுதான் வேலை. அங்கே அனுப்பப் போகிற வண்டியை முதலில் இங்கே ஓட்டிப் பார்க்க வேண்டாமா?

அப்படி நான் சேர்த்த இடம் கரடேமாள். வாகட் தாண்டி, அடுக்குமாடிகளெல்லாம் முடிந்தபிறகு வரும் கருங்கல் மேடு. பழைய எரிமலைக் குழம்பில் வெந்து சிவந்த மண் அதன் குறுக்கே பட்டையாக ஓடும். மே மாத வெயிலில் அங்கே நின்றால் இது பூமிதானா என்று சந்தேகம் வரும். ஒரு கல்குவாரிக் கம்பெனியும் அதைப் பார்த்து வைத்திருந்தது. அங்கே ஒன்றுமே இல்லை, உடைத்துக்கொள்கிறோம் என்று கேட்டது. மாவட்ட அலுவலகம் எங்களிடம் கருத்துக் கேட்டது. பட்டியலில் இருந்தால் மேடு பிழைக்கும். எடுத்துவிட்டால் ஜல்லிதான்.

பட்டியலைச் சரிபார்க்க டெல்லியிலிருந்து இரண்டு நிபுணர்கள் வந்தார்கள். சார் அவர்களை ஆகஸ்டில் மேட்டுக்கு ஏற்றினார். முழங்கால் அளவு புல், அதற்குள் ஊதாப் பூ. புட்டா தின்றார்கள், செல்ஃபி எடுத்தார்கள். ஊருக்குப் போய், செடிகொடி நிறைந்த இடம், செவ்வாயோடு ஒப்பில்லை, நீக்கலாம் என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பட்டியலுக்கு ஒரு விதி உண்டு. இடத்தைச் சேர்த்தவர் கையெழுத்துப் போட்டால்தான் அதை நீக்க முடியும். சார் என்னைக் கூப்பிட்டு, ஔந்தில் இருக்கிற தன் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுவந்த காபியில் பாதியை எனக்கு ஊற்றினார். நல்ல மனிதர்தான். பெரியவர்கள் சொன்னால் மட்டும் முதுகெலும்பு கரைந்துவிடும்.

"பெரியவங்க எழுதிட்டாங்க ஸ்டெல்லா. ஒரு கையெழுத்துதானே, எதுக்கு வம்பு?"

"ஹோலி முடிஞ்சு, மழைக்கு முன்னாடி போகணும்னு எழுதி வச்சிருந்தேனே சார். நீங்க ஏன் ஆகஸ்ட்ல கூட்டிட்டுப் போனீங்க?"

வெயிலில் விருந்தாளிகள் வாடிவிடுவார்களாம். பிறகு என் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, முடியாது என்று சொல்லி எழுந்து வந்தேன்.

விஷயம் டெல்லிக்காரர்களோடு நடந்த வீடியோ கூட்டத்துக்குப் போனது. பட்டியலில் உள்ள மகாராஷ்டிர இடங்கள் அத்தனைக்கும் ஆகஸ்ட் மாதப் படங்களைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். எல்லாமே பச்சைப் பசேல். பட்டியலில் உள்ள லடாக்கின் ஜனவரிப் படத்தைக் காட்டினேன், முழுக்கப் பனி. கடைசியாக சார் சேர்த்த இடம், ஊர் ஊராகப் போய் அவர் பேசிப் பெயர் வாங்கிய இடம். அங்கே நான்கு எருமைகள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒரே விதி எல்லோருக்கும் என்றால் எல்லாவற்றையும் எடுங்கள், முதல் கையெழுத்தை சேஷாத்ரி சார் போடட்டும், அடுத்தது நான் என்றேன். மே மாதம் மறுபடி பார்ப்பதென்று முடிவானது. அதுவரை குவாரியும் காத்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் என் ஒப்பந்தம் நீளவில்லை. நிதி இல்லையாம். சரிதான், போங்கள் என்று வீட்டுக்கு வந்தேன். அன்று அம்மா எதிரில் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

மே மாதம் நிபுணர்கள் வருகிற நாளன்று, யாரும் அழைக்காமலே ஸ்கூட்டியில் போய் நின்றேன். சார் என்னைப் பார்த்தார், திரும்பிப் போ என்று சொல்லவில்லை. புட்டாக்காரனும் இல்லை, நிழலும் இல்லை. செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. நிபுணர்களில் மூத்தவர் குடைக்குள் நின்றுகொண்டு, இங்கே என்னதான் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எரிந்து விழுந்தார். சார் என் பக்கம் திரும்பினார்.

"என்னன்னு சொல்றது ஸ்டெல்லா?"

"ஒண்ணுமே இல்லன்னு சொல்லுங்க சார். ஒரு புல்லுகூட இல்ல. அதைத்தானே தேடிட்டிருக்கோம்."

அவர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். பெரியவர் குனிந்து சிவப்பு மண்ணைத் தொட்டார், சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய அறிக்கையை வாங்கி, நீக்கலாம் என்ற வரியைப் பேனாவால் அடித்தார்.

கரடேமாள் இன்றும் பட்டியலில் இருக்கிறது. சேர்த்தவர் என்ற இடத்தில் என் பெயர். வேலையிலிருந்து என்னை எடுக்க யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த மேட்டை எடுக்க என்னைத்தான் கேட்க வேண்டும்.