மடித்து வைக்காத முந்தானை

எங்கள் முதலாளி சந்திரமோகனுக்கு எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் ஒரே வைத்தியம்தான்: அணைத்துவிட்டு மறுபடி போடு. ஏசிக்கும் அதுதான், லிஃப்டுக்கும் அதுதான். அன்றைக்குக் கடையின் சர்வருக்கும் அதையே செய்யப் போனார். நான் குறுக்கே போய் நின்றேன்.

ஆவணி முகூர்த்தக் கூட்டம். ஆரணியில் பட்டுக்கடையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த மாதம் தண்ணீர் குடிக்கக்கூட நேரமிருக்காது. காலையிலிருந்து பில் கவுன்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் திரை வெளுத்துப்போய் அப்படியே நிற்கிறது. வெம்பாக்கத்திலிருந்து வந்த கல்யாண வீட்டு ஆட்கள், "பஸ்சு போயிடும்மா, ஜல்தியா போடு" என்று என் உயிரை எடுத்தார்கள். பில் போடுவதும் என் வேலை, சர்வரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம், அதை விடுங்கள்.

பின்னறைக்கு ஓடிப் பார்த்தேன். மெமரி தொண்ணூற்றேழு சதவீதம். முதலாளியும் பின்னாலேயே வந்துவிட்டார்.

"மெமரி ஃபுல்லுனா பழைய போட்டோவெல்லாம் அழிச்சுடு ரேணுகா. என் போன்ல நான் அப்படித்தான் பண்றேன்."

"ஐயோ, அது வேற மெமரிங்கண்ணா. ஃபைலுங்க இருக்கறது அலமாரி. இது நாம புடவைய விரிச்சுக் காட்டற மெத்தை. யாரோ விரிச்சத மடிக்காம எழுந்து போயிருக்காங்க. புதுசா விரிக்க எடமில்ல."

இது அவருக்குச் சட்டென்று புரிந்தது. "அப்போ மொத்தத்தையும் வாரிப் போட்டுட்டு ரீஸ்டார்ட் பண்ணு."

வந்தவாசியிலிருந்து சர்வீஸுக்கு வரும் வெற்றிச்செல்வனும் போனில் அதையேதான் சொன்னான். "ரீஸ்டார்ட் அடிங்கக்கா, சரியாப் பூடும்." நானும் அடித்திருப்பேன். ஆனால் யார் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்ற பட்டியலை ஒரு பார்வை பார்த்தேன். எல்லோருக்கும் மேலே, பாதி மெமரியை விழுங்கிக்கொண்டு, ஒரு பெயர் இருந்தது. சத்யப்ரியா.

ரீஸ்டார்ட் அடிக்கப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

சத்யா எங்கள் கடையின் டிசைனர். நிறைமாதமாக இருந்தாள். முந்தாநாள் அவள் பக்கத்தில் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரு கல்யாணப் புடவைக்கு அன்னம் போட்ட முந்தானையை நாள் முழுக்க வரையச் சொன்னார். சாயங்காலம் அவளுக்கு வலி எடுத்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பெண் குழந்தை. மறுநாள் பார்த்தால் அந்த டிசைன் எங்கேயும் இல்லை. போனில் கேட்டதற்கு, "சேவ் குடுத்துட்டுத்தான் வந்தேண்ணா" என்றாள்.

"குடுத்தா எங்க போச்சு? எதிர்க்கடைக்காரனுக்குக் குடுத்துட்டியா?" பில் கவுன்டரில் நின்று, அத்தனை பேர் முன்னாலும் கத்தினார் மனுஷன். "இனிமே ஆரணியில எந்தக் கடையிலயும் உனக்கு வேலை கெடைக்காது, பார்த்துக்கோ." பிள்ளை பெற்று ஒரு நாள்கூட ஆகாதவளிடம் பேசுகிற பேச்சா இது? "வேணாங்கண்ணா" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

இப்போது எனக்கு விளங்கியது. வலியில் சத்யா தன் மேஜையில் திரையை மட்டும் மூடிவிட்டுப் போயிருக்கிறாள். எங்கள் மேஜைகளில் இருப்பது வெறும் திரைதான், வேலை ஓடுவதெல்லாம் சர்வரில்; அவள் வேலை அதற்குள் அப்படியே திறந்து கிடக்கிறது. அலமாரிக்குப் போகாத அந்த முந்தானை மெத்தைமேல்தான் இருக்கிறது. இந்தப் பெட்டியை அணைத்தால் அதோடு போச்சு, சத்யா திருடி என்பதும் நிலைத்துவிடும்.

திரும்பினால், முதலாளியின் விரல் பவர் பட்டன்மேல்.

"கைய எடுங்கண்ணா!"

நான் போட்ட கத்தலில் கடையே திரும்பிப் பார்த்தது.

"பேஜார் பண்ணாத ரேணுகா. வெளிய கஸ்டமருங்க கத்திகினு இருக்காங்க."

"கத்தட்டும். நீங்க தேடற டிசைன் இதுக்குள்ளதான் இருக்குது. அமுக்குனீங்கன்னா அவ்ளோதான்."

விரலை எடுத்தார். சத்யாவுக்காக ஒன்றும் இல்லை, மத்தியானம் பெண் வீட்டார் டிசைனைப் பார்க்க வருகிறார்கள், அதற்காக.

அவளுடைய பாஸ்வேர்டு வேண்டும். போன் போட்டேன். புருஷன் பாலமுருகன் எடுத்தான். "இன்னும் என்னங்க வேணும் உங்களுக்கு? பச்ச ஒடம்புக்காரி நேத்துலருந்து அழுதுகினு இருக்கா."

"தம்பி, நான் ரேணுகா. அவ நல்லதுக்குத்தான் கேக்கறேன், குடுப்பா."

அதற்குள் மெமரி தொண்ணூற்றொன்பது. நிரம்பி வழிந்தால் டிசைன் சாஃப்ட்வேர் தானாகவே விழுந்துவிடும். கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்று பில் கவுன்டர் மூன்றையும் சர்வரிலிருந்தே மூடினேன். வெளியே ஒரே கூச்சல். "கையால எழுதிக் குடுங்க!" என்று உள்ளிருந்தே கத்தினேன். முதலாளி தன் அறையிலிருந்து எங்களைப் பார்க்கும் கேமராவும் இதே சர்வரில்தான் ஓடுகிறது. அதையும் மூடச் சொன்னேன். முறைத்துக்கொண்டே மூடினார்.

சத்யா ஈனக் குரலில் சொன்ன எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். திரை கறுத்தது. வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. விழுந்துவிடாதே தாயே, விழுந்துவிடாதே என்று வாய்விட்டே சொன்னேன்.

வந்தது. இரண்டு அன்னங்களும் வந்தன. அவற்றின்மேல் ஒரு சின்னப் பெட்டி, எந்த ஃபோல்டரில் வைக்கட்டும் என்று முந்தாநாளிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றது. அவள் சேவ் கொடுத்திருக்கிறாள். வலியில் பெட்டியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உடனே சேமித்தேன். சேமித்ததைத் திறந்தும் பார்த்தேன். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

"ஒரு முந்தானைக்குப் பாதி மெமரியா?" என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாற்றங்களின் பட்டியலைத் திறந்து காட்டினேன். கீழே போகப் போக முடியவே இல்லை.

"பாருங்க. கழுத்த நீட்டு, இது கொக்கு மாதிரி இருக்குது, குறை, திரும்ப நீட்டு. அத்தனையும் உங்க வாயிலருந்து வந்தது. எப்ப வேணா 'மொதல்ல இருந்தத காட்டு'ம்பீங்கன்னு, மாத்தறதுக்கு முன்னாடி இருந்த முந்தானைய இந்த சாஃப்ட்வேர் ஒவ்வொண்ணா மடிக்காமயே வெச்சிகினு இருக்குது. சர்வர் தெணறுனது உங்களாலதாண்ணா."

அவர் திரையையே பார்த்தார். "இப்ப தெரியறது எது?"

போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. பதிலைச் சத்யாவே சொன்னாள். "மொதல்ல போட்டதுதாண்ணா. கடைசில எப்படியும் அதத்தான் கேப்பீங்க. வலி வந்ததும் அதுக்கே கொண்டாந்து வெச்சுட்டுத்தான் எழுந்தேன்."

போனை முதலாளி கையில் திணித்தேன். "இங்க வேணாங்க. நேத்து எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். என் வேலையும் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் போனார். பில் கவுன்டரில், விற்பனைப் பெண்கள், கூலி வாங்க வந்த நெசவாளிகள், வெம்பாக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் நடுவில் நின்றார்.

"சத்யா… நீ எதையும் எடுக்கலம்மா. நான் சொன்னது தப்பு."

அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பாலமுருகன் பேசினான்.

"கேட்டுகினுதான் இருக்கா. இன்னொரு தடவ சொல்லச் சொல்றா."

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் உரக்க, இன்னொரு தடவை சொன்னார்.

நான் பின்னறைக்குப் போய் சர்வரை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.