எழுபத்தோரு காதுகள்

காதுள்ளவர் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், செவிப்பறை ஓட்டையை அடைக்கும் கலையில் இதுவரை பூமியில் நடந்ததெல்லாம் வெறும் ஒத்திகை; அசல் ஆட்டம் இப்போதுதான் தொடங்குகிறது. இந்த மாபெரும் செய்தி, காது மூக்கு தொண்டைப் பிரிவின் அறிவிப்புப் பலகையில், கேன்டீன் நேரமாற்றத்துக்கும் யாரோ தொலைத்த மூக்குக் கண்ணாடிக்கும் நடுவே ஒற்றைக் குண்டூசியில் தொங்கிக்கொண்டிருந்தது. பேராசிரியர் கண்டுபிடித்த 'மடிப்பு முறை'யில் அறுவை செய்துகொண்ட எழுபத்திரண்டு பேரில் எழுபத்தோரு பேருக்கு நன்றாகக் கேட்கிறது. பாக்கி ஒருவர் போனை எடுக்கவில்லை.

போன் செய்தவள் ஓர் இறுதியாண்டு மாணவி. நான்கு வாரப் பயிற்சிக்கு அந்தப் பிரிவுக்கு வந்தவள். வந்த முதல் நாளே அங்கே நடைமுறை என்ன என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. பதினைந்து மாணவர்கள், ஒரு நோயாளி, ஒரே ஒரு காது. பேராசிரியர் கருவியைச் செருகி, "முத்து மாதிரி மின்னுது பாருங்க, அதான் செவிப்பறை" என்பார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, "தெரியுது சார்" என்று நிமிர்வார்கள். அவளுக்குத் தெரிந்தது குரும்பி மட்டும்தான். அவளும் "தெரியுது சார்" என்றாள். வரிசையில் கடைசியாக நின்றவன், கருவியில் விளக்கே எரியவில்லை என்பதைக் கண்டுகொண்டான். அவனுக்கும் தெரிந்தது.

காது மூக்கு தொண்டையில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கு இரண்டு சாவிகள் உண்டு: ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர், பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம். இரண்டும் ஒரே கொத்தில் பேராசிரியரின் இடுப்பில் தொங்கின. ஆகவே, "யாருக்காவது ஆராய்ச்சியில ஆர்வம் இருக்கா?" என்று அவர் கேட்டபோது, மற்ற பதினான்கு பேரும் தரையைப் பார்க்க, இவள் கையைத் தூக்கினாள். நோயாளிகளை வரவழைத்துக் கேட்கும் திறனை அளக்க வேண்டிய ஒலி புகாத அறைக்குள் ஒலியைத் தவிர மற்றதெல்லாம் புகுந்திருந்தது: பழைய கோப்புகள், உடைந்த நாற்காலிகள், இரண்டு மின்விசிறிகள். அதனால் பேராசிரியரே எட்டுக் கேள்விகள் எழுதிக்கொடுத்து, போனிலேயே கேட்டுவிடச் சொன்னார். முதல் கேள்வி: நான் பேசுவது தெளிவாகக் கேட்கிறதா?

அன்று வீட்டுக்குச் சொன்னபோது அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆராய்ச்சின்னா எலியெல்லாம் இருக்குமாடி?"

"எலி இல்லம்மா. போன்."

"போன்லயா? அப்ப உங்க சித்தி எப்பவோ விஞ்ஞானி ஆகியிருக்கணுமே."

கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்ப வேண்டிய நாளும் வந்தது. அன்று காலை, ஆய்வுப் பட்டியலில் நாற்பத்தொன்றாம் எண்ணாக இருந்த நோயாளி நேரில் வந்தார். கிடங்கு ஒன்றில் சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். காது நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தால்தான் வண்டிச் சாவியைத் தருவோம் என்று கிடங்கில் சொல்லிவிட்டார்களாம். பேராசிரியர் பட்டியலைப் புரட்டினார். "நாப்பத்தொண்ணு… நல்லா கேக்குதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே!" என்று தோளில் தட்டிக் கையெழுத்தைப் போட்டார். காதைப் பார்க்கவில்லை. கண்ணெதிரே ஆராய்ச்சி முடிவு இருக்கும்போது காதை எதற்குப் பார்ப்பது?

நடைபாதையில் அவருடைய போன் அடித்தது. அவர் அதை எடுத்து இடது காதில் வைத்தார். வலது காதுக்குப் பின்னால் தையல் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கையில் கோப்போடு பின்னால் வந்துகொண்டிருந்த மாணவி அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா, எப்பவும் அந்தக் காதுலதான் பேசுவீங்களா?"

"பின்னே? கேக்குற காதுலதானேம்மா வெப்பாங்க."

"அப்ப வலது காது?"

"அது ஆபரேசனுக்கு முன்னாடி எப்படியோ அப்படியேதான் கெடக்கு. நீங்க போன்ல கேக்குதான்னு கேட்டீங்க. கேட்டுச்சு. கேட்டுச்சுன்னு சொன்னேன்."

எழுபத்தோரு பேர். ஒருவரிடம்கூட எந்தக் காது என்று அவள் கேட்கவில்லை. காதைப் பற்றிக் காதோடு பேசிய ஆராய்ச்சியில் காது மட்டும் விடுபட்டுப் போயிருந்தது.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். "சொல்லிடாதீங்க டாக்டரம்மா. மூணு மாசமா மச்சான் வீட்டுச் சோறு. மதியமே வேலையில சேரச் சொல்லியிருக்காங்க."

"வலது பக்கம் ஆள் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"திரும்பித் திரும்பிப் பாத்துக்குவேன்," என்றார். போகும்போதே ஒருமுறை வலப்பக்கம் திரும்பிப் பார்த்துக் காட்டினார்.

பேராசிரியர் மாநாட்டுக்குக் கட்டப்போகும் டையைக் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கை நின்றுவிட்டது. அவர் முட்டாள் இல்லை, அதுதான் சிக்கலே. அரை நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பதைக் கண்ணாடிக்குள் இருந்த முகத்தில் அவள் பார்த்தாள். அடுத்த அரை நொடியில் விளங்காமலும் போய்விட்டது.

"எந்தக் காதுல வெக்கணும்னு நீ சொன்னியா?"

"கேள்வித்தாள்ல அது இல்ல சார்."

"கேள்வித்தாள்ல ஹலோகூடத்தான் இல்ல. சொன்னியே?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இதோ பாரும்மா. ஒரு பத்துப் பேருக்குக் கேக்காம இருக்கலாம். மிச்சப் பேருக்குக் கேக்குமில்ல? 'ஆய்வின் வரம்புகள்'னு ஒரு பகுதி இருக்கே, அது எதுக்கு இருக்கு? அதுல ஒரு வரி சேத்துடு. ரெண்டாவது பேரு உன்னோடது. கடிதமும் ரெடி. நாலு மணிக்குள்ள நீயே அனுப்பிடு."

"அந்த சர்டிபிகேட் சார்? அதையாவது திரும்ப வாங்கி…"

"அது கையெழுத்தாயிடுச்சும்மா," என்றார் அவர், உயிர் போன பிறகு வந்த உறவினரிடம் சொல்வதுபோல.

மூன்றரை மணி. மாணவர் அறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். வரம்புகள் பகுதியில் ஒரு வரி எழுதினாள், அழித்தாள். முழுதாக நான்கு வரிகள் எழுதினாள். படித்துப் பார்த்தால் அது ஆய்வின் வரம்பாக இல்லை, ஆய்வின் இரங்கல் செய்தியாக இருந்தது. அதையும் அழித்தாள். உண்மையைச் சொன்னால் கடிதம் போகும். கடிதம் போனால் இன்னொரு வருடம் படித்து இன்னொரு பேராசிரியரைப் பிடிக்கலாம். ஆனால் அந்த மனிதருக்கு அதே உண்மையில் வேலையும் போகும். அவர் தலையைத் திருப்பிக் காட்டியது கண்ணுக்குள்ளேயே நின்றது. மறுபடி சோதனைக்கு வரும்படி முதலில் அவரிடம் சொல்வோம், பிறகு மற்றது என்று நாற்பத்தொன்றாம் எண்ணை அழைத்தாள்.

"அண்ணா, வண்டி ஓடுதா?"

"இல்லம்மா, நிக்குது. லோடு எறக்குறாங்க. சொல்லுங்க."

"ஒரே நிமிஷம். போனை வலது காதுல வைங்க."

"எதுக்கும்மா?"

"வைங்கண்ணா."

சரசரவென்று ஒரு சத்தம். எழுபத்தோரு முறை கேட்ட முதல் கேள்வியை அவள் எழுபத்திரண்டாவது முறையாகக் கேட்டாள்.

"நான் பேசுறது தெளிவா கேக்குதா?"

"ஹலோ?"

"கேக்குதாண்ணா?"

"ஹலோ… ஹலோ… ச்சே, லைன் கட்டாயிடுச்சுப்பா," என்று பக்கத்தில் யாரிடமோ சொல்வது அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. போன் சட்டைப்பைக்குள் விழுந்தது; சான்றிதழ்தான் போலும், காகிதம் கசங்கியது. இஞ்சின் உறுமியது. வண்டி பின்னால் நகரும்போது எழும் பீப், பீப். அதற்கு நடுவே, கொஞ்சம் தள்ளி, ஒரு பெண்ணின் குரல்: "அண்ணா, நில்லுங்க… இந்தப் பக்கம் நான் இருக்கேன்…"

"அண்ணா!" என்று இவளும் கத்தினாள். பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான். "அண்ணா! நிறுத்துங்க!"

பீப், பீப், பீப்.

லைன் கட்டாகவில்லை.