கூடப் போட்ட ஒரு வரி

துளசிங்கத்தின் வாயில் புகுந்தால் ரேஷன் அரிசியும் பாசுமதியாகத்தான் வெளியே வரும். சேலையூரில் முப்பது வருஷமாக மளிகைக் கடை. சரக்கை உள்ளது உள்ளபடி சொல்லி விற்றதாகச் சரித்திரமே இல்லை. அப்பேர்ப்பட்டவரை, பீர்க்கன்கரணை ஏரிக்கு அந்தப்பக்கம் இருந்த திறந்தவெளிச் சிறைக்கு அலுவல்சாராப் பார்வையாளராக அரசாங்கம் போட்டது. மாதம் ஒருமுறை போய், கைதிகளோடு தனியாகப் பேசி, கண்டதைப் பதிவேட்டில் எழுதவேண்டும். அதிகாரிகள் அதில் கைவைக்க முடியாது.

அங்கே மதில் இல்லை. இடுப்பளவு கேட் ஒன்றுதான் எல்லை. அதை ஒட்டி உள்பக்கம் கைதிகளின் காய்கறிக் கடை. பன்னிரண்டு வருஷமாகத் தண்டனையில் இருந்த காலேப்தான் தராசு பிடிப்பான்.

"இன்னாப்பா, வெண்டிக்கா முத்திக்கீது?" என்பாள் தினம் வரும் தாயாரம்மாள்.

"முத்துனதெல்லாம் துளசிங்கண்ணன் கடைக்குக்கா. அவரு பிஞ்சுன்னு சொல்லி வித்துருவாரு."

ஞாயிறுதோறும் பொத்தேரியில் படிக்கும் அவன் மகள் ஏஞ்சலும் வரிசையில் நின்று அரைக்கிலோ கத்திரிக்காய் வாங்குவாள். அவள் ஹாஸ்டலில் அடுப்பு மூட்டவே விடமாட்டார்கள்.

முன்விடுதலைப் பட்டியலில் காலேப்பின் பெயர் ஏறியது. பார்வையாளர் குறிப்பு வேண்டும் என்றது மேலிடம். 'நன்னடத்தை உள்ளவர்' என்று மொட்டையாக எழுதினால் எவன் வாங்குவான்? துளசிங்கம் ஒரு வரி கூடப் போட்டார்: 'தாயாரம்மாளின் காய்கறி மூட்டையைக் காவலின்றி அவர் வீடுவரை சுமந்துபோய், சொன்ன நேரத்துக்குத் திரும்பினார்.' உண்மையில் காலேப் கேட்டுக்கு மேலாக மூட்டையை ஆட்டோக்காரரிடம் நீட்டினான், அவ்வளவுதான்.

மூன்றே வாரத்தில் உத்தரவு வந்தது. எல்லை மீறல், பட்டியலிலிருந்து பெயர் நீக்கம், மறுபடியும் மதில் உள்ள சிறை.

துளசிங்கம் அலறியடித்து ஓடினார். "சார், அவன் கேட்டைத் தாண்டவேயில்ல! நான்தான் சும்மா ஏத்திவிட்டு எழுதிட்டேன்."

சிறைக் கண்காணிப்பாளர் சாம்பசிவன் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். "எங்க பேச்சை மட்டும் நம்பக்கூடாதுன்னுதான் உங்களைப் போட்டிருக்காங்க. இப்ப உங்க எழுத்துக்கு எதிரா நான் என்ன பேசறது?"

"பொய்னு எழுதித் தரேன்."

"தாங்க, அனுப்பறேன். ஆனா இங்க குடிதண்ணி சரியில்லைன்னு போன மாசம் எழுதினீங்க. அதையும் பொய்னு தள்ளிடுவாங்க. பரவாயில்லையா?"

அரைமணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதிக் கொடுத்தார். பதில் வருவதற்குள் வேன் வந்துவிட்டது.

"வுடுண்ணா," என்றான் காலேப், ஏறும்போது. "நல்லதுக்குத்தான எழுதுன." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே போய் கேட்டருகே நின்றார். ஏஞ்சல் பையோடு வந்தாள்.

"அங்கிள், அப்பா எங்க?"

ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார்.

அவள் அந்தத் துணிப்பையை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், உள்ளங்கைக்குள் அடங்கும்வரை மடித்துக்கொண்டே நின்றாள்.