‘ங்க’ போடாத பெயர்

பழிவாங்குவதில் கொங்கு மண்டலத்தில் எனக்கு நிகரான ஆள் இன்றைய தேதிக்குக் கிடையாது. ஒரு தகவலுக்காகத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் ஆள் வைத்து அடிக்கிறார்கள், வக்கீல் நோட்டீஸ் விடுகிறார்கள், ஆனைமலைக்குப் பஸ் ஏறிப் போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வருகிறார்கள். எல்லாம் பழைய முறைகள். நான் ஒரு நாய்க்குப் பெயர் வைத்தேன்.

அர்த்தநாரி.

எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பனியன் கம்பெனி முதலாளியின் பெயரும் அதுதான். அம்மா அங்கே செக்கிங்கில் இருந்தாள். தைத்து வருகிற பனியனை மேசையில் விரித்து, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஓட்டை என்று எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே தள்ளிவிட வேண்டும். ஏற்றுமதிக்கு ஆகாத அந்த உருப்படிக்குப் பெயர் செகண்ட்ஸ். நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. நின்று நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனதும் அம்மா ஒரு ஸ்டூல் கேட்டாள். அர்த்தநாரி மேசைக்கே வந்தார். மொத்தப் பேரும் பார்க்க ஒரு சிவப்பு அம்பை உரித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். “அக்கா, நீங்களே ஒட்டிக்குங்க. செகண்ட்ஸ் ஆயிட்டீங்க. ஊட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சம்பளம் அவருடையது என்பதால் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார்களாம். அந்த அம்பு இப்போது எங்கள் வீட்டுக் கண்ணாடியில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டுகளோடு சேர்ந்து ஒட்டியிருக்கிறது. ஏன் எறியவில்லை என்று கேட்டதற்கு, “இருக்கட்டும்” என்றாள்.

கவனியுங்கள், மூன்று வாக்கியம், மூன்றின் முடிவிலும் ‘ங்க’. எங்கள் ஊரில் கன்னத்தில் அறைபவனும் “கொஞ்சம் கண்ணாடியக் கழட்டிக்குங்க” என்று சொல்லிவிட்டுத்தான் அறைவான். அன்றிலிருந்து அந்த எழுத்துகளின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் உண்டு. கல்லூரி முதல்வருக்கே ‘ங்க’ போடாமல் இரண்டு வாரம் பேசிப் பார்த்தேன். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் எனக்கும் சொல் என்றேன். விட்டுவிட்டார்.

என் வகுப்பில் படிக்கும் ஆஃப்ரின் அநாதை நாய்களை மீட்கிற குழு ஒன்றில் இருக்கிறாள். சாமளாபுரம் குளத்துப் பக்கம் யாரோ காரிலிருந்து இறக்கிவிட்டுப் போன அல்சேஷன் ஒன்று அவர்களிடம் வந்து சேர்ந்தது. இடுப்பு மூட்டு பிறவியிலேயே சரியில்லை, சிமெண்ட் தரையில் வருஷக்கணக்காகக் கட்டிப்போட்டதில் இன்னும் மோசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“டேய் வேலு, இது சரியாவற நோவு இல்ல. காலம்பூரா மாத்திரை, எண்ணெ தேச்சு நீவி விடறதுன்னு வேல இருக்கும். நல்ல ஊடு கெடைக்கற வரைக்கும் வெச்சுக்கறயா?”

“பேரு யாரு வெக்கறது?”

“வெச்சுக்கறவங்கதான்.”

“கூட்டிட்டு வா.”

“நோவப் பத்தி நீ ஒண்ணுமே கேக்கலயேடா.”

“அதான் பேரு வெக்கலாம்னுட்டயே.”

வந்த அன்றே எங்கள் வீட்டு டைல்ஸில் வழுக்கி, நான்கு காலும் நான்கு திசைக்குப் போய் விழுந்தது. அம்மா உள்ளே போய், கம்பெனியில் எப்போதோ சல்லிசாகக் கிடைத்த செகண்ட்ஸ் பனியன்களைக் கட்டோடு கொண்டுவந்து தரை முழுக்க விரித்தாள். ஜெர்மன்காரர்கள் போட்டுக்கொள்ள மறுத்த உடைகளின் மேல் அது நடந்தது. எழுந்திருக்கும்போது முன்கால்களை ஊன்றி, மூச்சு வாங்கி, பின்பக்கத்தைத் தனிச் சாமானைப் போல இழுத்துத் தூக்கவேண்டும். பாதியில் நின்றுவிடும். அம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் எழுவாள், பாதியில் நின்று. அவள் அதன் முன்னால் நின்றுகொண்டு, “மெதுவா எந்திரிங்க சாமி. அவசரம் ஒண்ணுமில்லீங்க” என்பாள்.

“ரேசன் கார்டுல பேரச் சேத்திரலாமாம்மா?” என்றேன்.

“உன்னயும் ‘ங்க’ போட்டுத்தாண்டா வளத்துனேன். அங்கதான் தப்பாப் போச்சு.”

சோறு வைத்தால் சாப்பிடுங்க, மாத்திரை கொடுத்தால் முழுங்கீருங்க கண்ணு. கேட்கவே கூசியது. நாய்க்கு மரியாதை கொடுக்கிறவர்களைப் பற்றிக் கல்லூரி வாட்ஸப் குழுவில் ஒரு கட்டுரையே எழுதிப் போட்டேன். நல்ல வரவேற்பு. அம்மா கடைசி வரை அதை அர்த்தநாரி என்று கூப்பிடவே இல்லை.

நான் கூப்பிட்டேன். காலையில் கம்பெனிக்கு ஆள் உள்ளே போகிற நேரமாகப் பார்த்து, இரண்டு பனியனை முடிச்சுப் போட்டு அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, பின்பக்கத்தைத் தாங்கித் தூக்கியபடி கேட்டுக்கு எதிரே நடத்துவேன். “அர்த்தநாரி! குப்பையில வாய வெக்காதடா!” “அர்த்தநாரி, எவன் ஊட்டு வாசல்லடா காலத் தூக்கற!” காலைத் தூக்க அதன் இடுப்பு ஒத்துழைக்காது. வசனம் நன்றாக இருந்ததால் வைத்துக்கொண்டேன். டெய்லர்கள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள். டீக்கடையில் எனக்கு வடை இலவசமானது. அன்று அம்மாவைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தான் இப்போது எனக்குச் சிரித்தன. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நடுவில் கோயமுத்தூரிலிருந்து ஒரு தம்பதி நாயைத் தத்தெடுக்க வந்தார்கள். கடிக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அர்த்தநாரி இன்னும் நேரில் வந்து கேட்கவில்லை. அவர் கேட்காமல் பழி எப்படி முடியும்?

“உனக்கு நாயி வேணுமா, பேரு வேணுமா?” என்றாள் ஆஃப்ரின்.

“பேரு.”

அவர் கேட்க வந்த காலை, கார் கேட்டுக்கு வெளியிலேயே நின்றது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. “தம்பி, ஒரு நிமிசங்க” என்றபடி இறங்கினார். உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இதற்காகவே தயாரித்து வைத்திருந்த வசனம் என் நாக்கின் நுனியில் இருந்தது.

வயிற்றுத் துணி என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. என்னிடம் ஒரு நாளும் வேகமாக நடக்காத நாய், பின்கால்கள் தரையில் தேய, அவரை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடியது. அதன் வாலுக்கு அத்தனை வீச்சு உண்டு என்று எனக்குத் தெரியாது. அழுகிற குழந்தை மாதிரி ஒரு சத்தம். அவர் பின்வாங்கினார். கார்க் கதவில் முதுகு இடித்தது. வெள்ளைச் சட்டையில் மண்கால் படப்போகிற பதற்றத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“சீசர்! சிட்!”

உட்கார்ந்தது. இருக்கிற வேலைகளிலேயே அதன் இடுப்புக்கு மிகக் கஷ்டமான வேலை உட்காருவதுதான். முதுகை நேராக நிமிர்த்தி, பின்கால்கள் பக்கவாட்டில் சரிந்து நடுங்க, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

அவர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “இது எங்க நாயில்லீங்க தம்பி” என்றார்.

அம்மா எப்போது வாசலை விட்டு இறங்கினாள் என்று நான் பார்க்கவில்லை. மதில் சுவரைப் பிடித்து, பிறகு நின்றிருந்த ஸ்கூட்டியைப் பிடித்து, பிறகு எதையும் பிடிக்காமல் தெருவைக் கடந்து வந்து நின்றாள். வேலை போன பிறகு அவரை அவள் நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“ஏனுங்க,” என்றாள், “இவங்களும் செகண்ட்ஸுங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. செக்கிங் மேசைப் பெண்கள் நான்கைந்து பேர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வாட்சைப் பார்த்தார். “டைம் ஆச்சு, எல்லாரும் உள்ள போங்க” என்றார். ஒருவரும் நகரவில்லை. அவர்தான் முதலில் போனார். காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு, கேட்டின் சின்னக் கதவில் தலையைக் குனிந்து நுழைந்தார். கதவு சாத்திக்கொண்டது.

நாய் உட்கார்ந்தே இருந்தது. எழுந்திரு என்று அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை.

எனக்கு இவ்வளவு பெரிய கூட்டம் இதுவரை கூடியதில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். கூப்பிடுவதற்கு ஒரு பெயர் என்னிடம் இருந்தது, தெருவே எதிர்பார்த்த பெயர். வாயைத் திறந்தேன். வரவில்லை. மண்டியிட்டு, மண்ணில் கிடந்த பனியன் துணியை உதறி அதன் வயிற்றுக்கடியில் விட்டேன். நாயின் தொடை வெடவெடவென்று ஆடியது.

“எந்திரிங்க சாமி,” என்றேன். எனக்கும் அதற்கும் மட்டும் கேட்கிற அளவுக்கு.

அது கதவைப் பார்த்தது. கம்பெனிச் சங்கு ஊதியது. பெண்கள் ஒவ்வொருவராக எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அம்மா காரின் மேல் கையை ஊன்றி நின்றாள். நான் துணியை விடாமல் ரோட்டிலேயே அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அவசரம் ஒண்ணுமில்லீங்க.”